சேதுவுக்குத் தபாலில் போன பத்திரிகை

19-1-2004, திங்கள்
காலையில் நல்ல பனி. வண்டியை உதைத்து உதைத்துக் கால் வலி. சிவகாசி போய் மகள் செல்வி கல்யாணப் பத்திரிகை புரூஃப் வாங்கி வந்தேன். தமிழ்ப் பக்கம் சரி. இங்கிலீஷ் பக்கத்தில் தங்கள் வருகையை ‘சொலிசிட்’ செய்கிறோம் என்று இருக்கிறது.

பார்த்ததும் சிரிப்பு. நானும் சேதுவும் கூட்டாகக் காலண்டர் ஆர்டர் பிடித்த காலத்தில் எல்லாக் கடிதமும் இந்த வார்த்தையில்தான் முடியும். டைப்ரைட்டிங் சென்டரில் இருந்த மாதிரிக் கடிதத்தைப் பார்த்து அவன் எடுத்தது. அர்த்தம் இருவருக்குமே தெரியாது. கடிதத்தைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே சாம்பிள் ஆல்பத்தோடு பஸ் ஏறுவோம். ஒரு செட் பரோட்டா, ஆளுக்குப் பாதி.

செல்வி டிக்‌ஷனரி பார்த்துச் சொன்னாள். வேண்டிக் கேட்டுக்கொள்வது. ஆர்டர், ஆதரவு, வருகை எதற்கும் போடலாம். சீமையில் தெருவில் நின்று ஆள் கூப்பிடும் பெண்கள் மேல் போடுகிற கேஸுக்கும் இதே சொல்லாம். மூலம் லத்தீன்: ஆளைப் போட்டு உலுக்குவது. “வேற போடுங்கப்பா” என்றாள். மாற்றவில்லை.

21-1, புதன்
பத்திரிகை வந்தது. பாக்கி வேலை: பந்தல், நாதஸ்வரம், வாழை மரம். வாசலில் நின்று வரவேற்க ஆள் முடிவாகவில்லை.

24-1, சனி
தலைவலி. தீபாவளி வாழ்த்து அனுப்பும் வாடிக்கைப் பார்ட்டிகள் லிஸ்ட்டை வைத்துக்கொண்டு கடை கிளார்க் பத்திரிகைகளைத் தபாலில் போட்டுவிட்டார். அதில் சேதுவும். தாம்பூலத் தட்டோடு நேரில் போகாவிட்டால் நம் பக்கம் அது அழைப்பே இல்லை. செல்விக்குப் பெயர் வைத்தவனே அவன். தொழிலைப் பிரித்த பிறகு போனில்தான் பேச்சு, அதுவும் தீபாவளிக்கு.

போன் போட்டேன். அவன் மனைவி எடுத்தது. “வந்துச்சுண்ணே. பாத்தாக.” வைத்துவிட்டது.
வீட்டில் இவள், செல்வி அம்மா: “அவுக வராம மேடையில எப்படி நிப்பீக?”

26-1, திங்கள்
கடை லீவு. இவளும் நானும் தட்டோடு சேது வீடு. அவனுக்கு முழு நரை. உட்காரச் சொன்னான், தட்டை வாங்கவில்லை. டிவி மேல் கிடந்த கார்டை எடுத்து இங்கிலீஷ் பக்கத்தைப் படித்தான். விரல் அந்த ‘சொலிசிட்’டில் நின்றது.

“ஏலே, அர்த்தம் தெரிஞ்சா போட்ட?”

இப்போது தெரியும், ஆளை உலுக்குவது என்றேன்.

“நம்ம கடுதாசியப் பாத்து எவனாவது ஆர்டர் குடுத்தானா? நேர்ல போயி நின்னோம், குடுத்தான்.”

எழுந்து தட்டை மறுபடி நீட்டினேன். அவன் மனைவியைக் கூப்பிட்டான். இருவரும் சேர்ந்து தட்டை வாங்கிக்கொண்டார்கள். “கல்யாணத்தன்னைக்கு நான் எங்கன நிக்கணும்?” என்றான்.

வாசலில் வரவேற்க: சேது.