நமுத்துப்போகாத மருந்து

அண்ணா,

"எல்லாக் கூட்டுக்குள்ளயும் டார்ச் அடிச்சுப் பாத்தியா?" என்று நீ கேட்டபோது, "பாத்தாச்சு" என்று ஏன் சொன்னேன்?

நான் பார்க்கவில்லை. லிவரைத் தள்ளித் தோட்டா ஏற்றும் அப்பாவின் பழைய துப்பாக்கிக்காக இருபது பித்தளைத் தோட்டாக் கூடுகளில் வெடிமருந்து நிரப்பிக்கொண்டிருந்தேன். பாதியில் கல்லூரியிலிருந்து தொலைபேசி வந்தது. பேசிவிட்டு வந்து, விட்ட இடம் நினைவிருப்பதாக நம்பி, எல்லாவற்றிலும் குண்டைப் பொருத்திவிட்டேன். மாணவர்களிடம் எதற்கும் ஆதாரம் கேட்பவள் நான்.

மலையில் நீ எல்க் மானைச் சுட்டபோது 'பட்' என்று சின்னச் சத்தம்தான் கேட்டது. நான் மருந்து போடாமல் விட்ட கூடு அது; குண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிட்டது. பழக்கத்தில் நீ லிவரைத் தள்ளி அடுத்ததை ஏற்றிவிட்டாய். "டேய், சுடாத! குழல் வெடிச்சு மூஞ்சி போயிரும்!" என்று உன் வேட்டைத் தோழன் ஓரின் கத்தியிராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

கூடாரத்துக்கு வந்ததும் ஓரின் சிரித்தான்: "உன் தங்கச்சி மருந்து போட மறந்துட்டாளோ?"

"அவளா? உப்பையே நிறுத்துப் போடுறவடா அவ. என் கொட்டகையில வச்ச மருந்து நமுத்திருக்கும். தப்பு என்னுது" என்றாய். நான் பக்கத்தில் நின்று காபி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் வீடு திரும்பியதும் அந்த மருந்தை முழுவதும் கொட்டிவிட்டு, புது டப்பா ஒன்று வாங்கி வந்து என் மேசையில் வைத்தாய்.

"இனி நீயே வச்சுக்கம்மா. என்கிட்ட இருந்தா கெட்டுப்போகுது."

நான் "சரி" என்று சொல்லி, அதை எடுத்து அலமாரியில் வைத்தேன்.

உன் தங்கை