ஒரு வரிக்கு ஒரு மூச்சு

பெத்ரா நேக்ரா, மினாஸ்
9 ஜூன் 1985, ஞாயிறு

அன்பு மகள் கேசியாவுக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் தயவில் நீ சாவோ பாவுலோவில் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறோம். இங்கே அம்மா சுகம், கோழிகள் சுகம், நான் டாக்டர் சொல்வதைவிடச் சுகம், அம்மாவிடம் நான் சொல்வதைவிடக் கொஞ்சம் குறைவு. உன் கடிதம் புதன்கிழமை வந்தது. அம்மா அடுப்படியில் நின்றபடியே உரக்கப் படித்தாள், பாதியில் கடிதத்தை என் கையில் திணித்துவிட்டு பீன்ஸ் கிளறப் போய்விட்டாள், அடுப்பையே அவள் இன்னும் பற்றவைக்கவில்லை. மீதியை நானே படித்தேன், மூன்று நாள் யோசித்தேன், இப்போது எழுதுகிறேன். ஒரே மூச்சில் எழுத முடிவதில்லை, கையெழுத்து நடுவில் மாறினால் அங்கே படுத்து எழுந்தேன் என்று வைத்துக்கொள்.

முதலில் பியானோ விஷயம். கல்லூரித் தேர்வுக்கு மூன்று உருப்படியும் மனப்பாடம், விரல் தடுமாறவில்லை, ஆனாலும் ஒவ்வொரு வரி முடிவிலும் நிற்கிறாய் என்று வானியா டீச்சர் திட்டுவதாக எழுதியிருந்தாய். "யாருக்காகம்மா நிக்கிற? பாட்டு பாட்டுக்குப் போகுது, நீ மட்டும் ஒவ்வொரு முக்குலயும் பஸ்ஸுக்கு நிக்கிறவ மாதிரி நிக்கிறியே" என்று கேட்டாராம். உனக்கோ நிற்பதே தெரியவில்லையாம், டிக் டிக் என்று எண்ணும் தாளக் கருவியை ஓடவிட்டால் சரியாகப் போகிறதாம், அதை நிறுத்தினால் மறுபடி பழைய கதையாம். தேர்வு அறையில் தாளக் கருவி வைக்கவிட மாட்டார்கள். எனக்குக் கை இருக்கிறது சங்கீதம் இல்லை அப்பா என்று கடைசியில் எழுதியிருக்கிறாயே, அந்த வரிக்காக உன் காதைத் திருக வேண்டும். எட்டாத தூரத்தில் இருப்பதால் பிழைத்தாய்.

உன் டீச்சரின் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும். தெரிந்தது போன மாதம்தான். நான் பாடக் கூடாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து சபையில் எனக்குப் பதில் ஜொசுயேதான் முன்னால் நின்று பாட்டு எடுத்துக் கொடுக்கிறான், நான் பின் பெஞ்சில் அம்மா பக்கத்தில் உட்காருகிறேன். நம் பாட்டை அங்கே உட்கார்ந்து நான் கேட்டதே இல்லை. ஜொசுயே ஒரு வரி பாடினான், நின்றான், மூச்சு இழுத்தான், அடுத்த வரி பாடினான். அவன் பின்னால் அத்தனை ஆண்களும் அப்படியே. எல்லோரும் சுரங்கத்தில் கல்தூசி தின்றவர்கள், ஒரு வரிக்கு ஒரு மூச்சு, அதற்கு மேல் ஒருவர் நெஞ்சிலும் காற்று இல்லை. பெண்கள் வாயைத் திறந்தபடி எங்களுக்காகக் காத்து நிற்கிறார்கள். ஒரு ஈஸ்டருக்குத் தலைநகரிலிருந்து பாடகர் குழு வந்தது நினைவிருக்கிறதா, அவர்கள் பாட்டை முடித்து உட்கார்ந்துவிட்டார்கள், நாம் இன்னும் அரைச் சரணம் பாடிக்கொண்டிருந்தோம். அவசரக்காரப் பட்டணத்துக்காரர்கள் என்று ஊரே ஒரு வாரம் சிரித்தது. அவர்கள் அவசரப்படவில்லை கண்ணு. அந்தப் பாட்டு அவ்வளவு வேகம்தான்.

நீ ஏழு வயதில் நம் சபைப் பியானோவில் உட்கார்ந்தவள். கால் தரையில் படாது. நோட்டைப் பார்க்காமல் என் தோளைத்தான் பார்ப்பாய், என் தோள் ஏறி இறங்கும்வரை அடுத்த கட்டையைத் தொட மாட்டாய். ஒரு நாளும் என்னை மூச்சு முட்ட விட்டதில்லை. பதினைந்து வயதுக்குள் சங்கீதம் என்றாலே அப்படித்தான் என்று உன் விரல் படித்துவிட்டது. ஆகையால் டீச்சரிடம் சொல், எனக்காகத்தான் நின்றாய் என்று. சங்கீதம் இல்லாதவள் இன்னொருவர் மூச்சைக் கேட்டு வாசிப்பாளா? இதில் உன் தப்பும் இல்லை, என் தப்பும் இல்லை.

ஆனால் தேர்வு நடத்துபவர்களுக்கு நம் நெஞ்சைத் தெரியாது, தெரியவும் வேண்டாம். நான் ஒரு வழி சொல்கிறேன். தாளக் கருவியைத் தூக்கிப் பெட்டியில் போடு. இனி என் பின்னால் வாசிக்காதே, உன் அம்மா பின்னால் வாசி. அவள் சுரங்கத்துக்குள் கால் வைத்தவள் இல்லை, துணி துவைக்கும்போது பாடினால் இரண்டு வரி ஒரே மூச்சில் போகும், என்னைத் திட்டினால் நாலு வரி போகும். அந்தக் குரலை மனதில் வைத்துக்கொண்டு வாசித்துப் பார். சபையில் எங்களுக்காக அடக்கியே பாடினாள், அவள் முழுசாகப் பாடி ஒருவரும் கேட்டதில்லை. நேற்று கொல்லையில் பாடச் சொல்லிக் கேட்டேன். "என்ன புதுசா, கெழவனுக்கு இப்பதான் காது தொறந்துச்சா?" என்றாள், ஆனாலும் பாடினாள். நான் அழுதுவிட்டேன், அவளுக்குத் தெரியாது, நீயும் சொல்லாதே.

இனி இரண்டாவது விஷயம். இந்த வருஷம் தேர்வு வேண்டாம், ஊருக்கு வந்து உங்களோடு இருக்கிறேன் அப்பா என்று எழுதியிருக்கிறாய். வராதே. நீ வந்தால் எனக்கு எவ்வளவு ஆசை தீரும் என்று எழுதத் தொடங்கினால் இந்தத் தாள் போதாது. வாசல் கதவு சத்தம் கேட்டாலே தலையைத் தூக்கிப் பார்க்கிறேன். ஆனாலும் வராதே. அடுத்த வருஷம் அடுத்த வருஷம் என்றுதான் இந்த ஊரில் எல்லோரும் சுரங்கத்தை விட்டு வெளியே வரப் பார்த்தோம். உனக்கு இப்போது விரல் சூடாக இருக்கிறது, டீச்சர் இருக்கிறார், தங்க இடம் இருக்கிறது. என்னால் தள்ளிப்போட முடியாததற்காக நீ உன்னுடையதைத் தள்ளிப்போடாதே.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஒளித்து வைத்தால் கெடுதல். தேர்வுக்கு முன்னால் எனக்கு ஏதாவது ஆனால் அவளிடம் சொல்லாதே, வாசித்து முடிக்கட்டும் என்று அம்மாவிடம் கேட்டேன். "எம் பொண்ணுக்கிட்ட நான் பொய் சொல்ல மாட்டேன், நீங்க போயிட்டு அப்புறம் யாரு அவ மூஞ்சியில முழிக்கிறது?" என்று கத்திவிட்டாள், அவள் சொல்வதும் நியாயம். அதனால் உன்னிடமே கேட்கிறேன். அம்மா பேக்கரியிலிருந்து போன் செய்தால் எடு, கேள், அழு. பிறகு முகம் கழுவிவிட்டுப் போய் வாசி. அடக்கத்துக்கு நீ வந்து சேர முடியாவிட்டால் பரவாயில்லை, என்னைத் தூக்க ஜொசுயேயும் மற்றவர்களும் இருக்கிறார்கள், மெதுவாகத்தான் தூக்குவார்கள், எனக்கொன்றும் அவசரமில்லை. தேர்வில் அந்தப் பியானோ முன்னால் உனக்குப் பதில் உட்கார ஒருவரும் இல்லை.

அம்மா கொய்யா அல்வா ஒரு பெட்டி அனுப்புகிறாள், டீச்சருக்கும் கொடு. அங்கே குளிர் என்கிறார்கள், வாசிக்கும் முன் கையை வெந்நீரில் வை, நகத்தை வெட்டு. உன்னைப் பெற்ற இரண்டு பேரின் ஆசீர்வாதமும் உன் தலைமேல் இருக்கிறது, கர்த்தர் உன் கையை நடத்துவார். வாசிப்பேன் என்று ஒரு வரி எழுதிப் போடு, அது வரும்வரை எப்படியும் இருப்பேன்.

உன் அப்பா,
அடெலினோ