மதினி சொன்ன ஹேண்ட்மேட்

என் அருமை மதினி,

நேற்று திருப்பத்தூரில் ஆங்கில ஆசிரியர்களுக்குப் பயிற்சி. அங்கே ஒரு விஷயத்தைக் கேட்டு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

போன வருடம் நீங்கள் வேலை பார்த்த காரைக்குடி பங்களா ஹோட்டலில் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். சலவைப் பகுதியில் இருந்த உங்கள் மூன்று பேரில் ஒருவரை, வெளிநாட்டு விருந்தாளிகளுக்கு அந்தப் பழைய பங்களாவைச் சுற்றிக் காட்டும் வேலைக்குத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றார். இங்கிலீஷ் டீச்சர் என்ற மிதப்பு எனக்கு. கையால் செய்த ஆத்தங்குடிக் கற்கள் பதித்த தரையைக் காட்டி 'ஹேண்ட்மேட் டைல்ஸ்' என்று சொல்லச் சொன்னேன். அசைக்கு ஒரு கைத்தட்டு, அழுத்திச் சொல்லும் அசைக்குப் பலமான தட்டு. 'மேட்' மேல்தான் பலமாகத் தட்ட வேண்டும் என்பது என் சட்டம். நீங்கள் 'ஹேண்ட்' மேல் பலமாகத் தட்டினீர்கள். திருத்தினேன். நீங்கள் விடவில்லை.

"தனியாச் சொன்னா நீ சொல்றதுதான் கலா. டைல்ஸுன்னு பின்னாடி சேர்ந்தா வெள்ளக்காரவுக முன்னாடிதான் அழுத்துறாக. நான் தினமும் கேக்குறேனே."

பத்தாவது படித்தவர் எனக்குப் பாடம் நடத்துவதா என்று எல்லார் முன்னாலும் சிரித்தேன்; மற்ற இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். பட்டியலில் உங்கள் பெயரை அடித்தேன். நீங்கள் படுக்கை விரிப்புகளைத் துவைக்கத் திரும்பிப் போனீர்கள். அதிலிருந்து ஆறாம் மாதம் மாரடைப்பில் ஒரேயடியாகப் போய்விட்டீர்கள்.

நேற்று பயிற்சியாளர் வெள்ளைக்காரர்கள் பேசும் பதிவு ஒன்றைப் போட்டார். 'தி டோர் இஸ் ஓல்ட் ஃபேஷன்ட்', கதவு பழைய பாணி, என்று வாக்கியம் முடிந்தபோது 'ஃபேஷ்' ஓங்கி ஒலித்தது. 'ஓல்ட் ஃபேஷன்ட் டோர்' என்று அதே சொல்லுக்குப் பின்னால் கதவு வந்ததும் அழுத்தம் 'ஓல்ட்'டுக்கு நகர்ந்துவிட்டது. ஹேண்ட்மேடும் இப்படித்தானா என்று எழுந்து கேட்டேன். இது தெரிந்ததுதானே டீச்சர் என்றார் அவர். எனக்கு உட்காரத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை; இதைத்தான் சொன்னார்.

"அவ கடைசி வரைக்கும் அடுப்படியில நீ சொன்ன மாதிரியேதான் தட்டிப் பழகிக்கிட்டு இருந்தா. படிச்ச புள்ள தப்பாச் சொல்லாதுன்னா."

சரியாக இருந்ததை என்னை நம்பித் தப்பாக மாற்றிக்கொண்டீர்களா, மதினி? ஏன் என்னோடு சண்டை போடவில்லை?

நாளைக்கு ஹோட்டலுக்குப் போகிறேன். மேனேஜரிடமும், அன்று என்னோடு சேர்ந்து சிரித்த அந்த இரண்டு பேரிடமும், மதினி சொன்னதுதான் சரி, தப்பு என்னுடையது என்று சொல்லிவிடுவேன். இது சத்தியம். இப்போது சொல்லி என்ன பயன் என்று அவர்கள் கேட்பார்கள். கேட்டாலும், 'ஹேண்ட்' மேல் பலமாகத் தட்டி 'ஹேண்ட்மேட் டைல்ஸ்' என்று சொல்லிக் காட்டுவேன்.

நீங்கள் நம்பிய நாத்தனார்,
கலா