பொன்னாடையால் நிறுத்தப்பட்ட வாக்கியம்

டோர்செட் பார்க்கில் நான் மரக்கறி வாங்கும் கடையின் வாசலில் தமிழ் வாரப்பத்திரிகைகளை அடுக்கி வைத்திருப்பார்கள். நேற்று எடுத்த பத்திரிகையின் நடுப்பக்கத்தில் நீங்கள் இருந்தீர்கள். மார்பில் அக்கோர்டியன் வாத்தியம், தோளில் மஞ்சள் பொன்னாடை, பாதி திறந்த வாய். அமைதிக்காகப் பாடிய யூதக் கலைஞருக்கு எங்கள் தமிழ்ச் சங்கத்தின் அஞ்சலி. படத்தின் கீழே, 'எமது மேடையில் பாடிக்கொண்டிருந்தபோது.'

நீங்கள் பாடிக்கொண்டிருக்கவில்லை. ஒரு வாக்கியத்தின் நடுவில் இருந்தீர்கள். அதை முடிக்கவிடாதவர்களே இந்த அஞ்சலியை அச்சிட்டிருக்கிறார்கள்.

மாலையில் சங்கச் செயலாளர் தொலைபேசியில் வந்தார். ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு இரங்கல் கூட்டமாம். "அண்ணை, அவரோட கனகாலம் திரிஞ்சவர் நீங்கள்தானே. ஒரு ஐஞ்சு நிமிசம் பேசுங்கோ. பாட்டு, பழகின விதம், அப்பிடி ஏதும். அரசியல் மட்டும் வேண்டாம்." வாறன் என்றேன். நான் என்ன பேசப்போகிறேன் என்பதை அறிய, பக்கத்தில் நின்ற என் மனைவிக்கு அந்த ஒரு சொல்லே போதுமாயிருந்தது. "பாட்டைப் பற்றி மட்டும் சொல்லிப்போட்டு வாங்கோ. நாளைக்கும் நாங்கள் இந்தச் சனத்துக்கு நடுவிலதானே இருக்கவேணும்" என்றாள்.

நாம் சந்தித்தது பார்க்டேலில், ஒரு தேவாலயத்தின் நிலவறையில். புதிதாக வந்த அகதிகளுக்குக் குளிரங்கிகள் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மூலையில் நின்று நீங்கள் யூதர்களின் இத்திஷ் மொழியில் பாடினீர்கள். பின்னர் ஆங்கிலத்தில் பாட்டின் பொருளைச் சொல்லி, இதை இவர்களுக்கு யாராவது தமிழில் சொல்வீர்களா என்று சுற்றிப் பார்த்தீர்கள். நான் எழுந்தேன். அகதி விசாரணைகளில், ஒருவர் சொன்னதைக் கூட்டாமலும் குறைக்காமலும் சொல்வதாகச் சத்தியம் செய்து சம்பளம் வாங்குகிறவன் நான். அன்று சம்பளம் இல்லாமல் செய்தேன்.

அதன்பின் உங்கள் பழைய வான் வண்டியில் எத்தனை ஊர்களுக்குப் போனோம். ஒஷாவாவில் தொழிற்சங்க மண்டபம், ஹமில்டனில் தேவாலயங்கள், வடக்கே சுரங்க நகரங்களின் பள்ளிக்கூடங்கள். முன் ஆசனம் அக்கோர்டியனுக்கு. அதற்குக் குளிர் ஆகாது என்பீர்கள். என்னைவிட இரண்டு வயது இளையவரான நீங்கள் என்னைப் பின்னால், ஒலிபெருக்கிகளுக்கு நடுவில் உட்காரவைத்தீர்கள். எனக்குக் குளிர் ஆகுமா என்று ஒருபோதும் கேட்டதில்லை.

உங்களிடம் ஒரு முறை இருந்தது. கடைசிப் பாட்டுக்கு முன் இறந்தோருக்காகவும் துரத்தப்பட்டோருக்காகவும் எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்வீர்கள். எந்த மண்டபத்தில் நிற்கிறீர்களோ, அந்த மண்டபம் எவரைப் பற்றிக் கேட்க விரும்பாதோ அவரையே முதலில் சொல்வீர்கள். சிங்கள நண்பர்கள் ஒழுங்குசெய்த கூட்டத்தில், எரிக்கப்பட்ட வீடுகளில் மடிந்த தமிழர்களை முதலில் சொன்னீர்கள். உங்கள் சொந்தச் சமூகத்தின் மண்டபத்தில் காசாவின் குழந்தைகளை முதலில் சொன்னீர்கள். பாதிப் பேர் எழுந்தார்கள். மீதிப் பேரும் எழுந்தார்கள், ஆனால் வெளியேறுவதற்காக. மேலங்கியைக் கையில் வைத்திருந்த ஒரு மூதாட்டி மேடையருகே வந்து, "நீ பாடு. பேசாதே" என்றார். அடுத்த மாதம் ஒப்புக்கொண்டிருந்த நிகழ்ச்சிகள் ஒவ்வொன்றாகத் தொலைபேசியில் நின்றுபோயின.

பிறகு எங்கள் மண்டபத்தின் முறை வந்தது. சங்கம் உங்களை ஒரு சனிக்கிழமைக்கு அழைத்தது. வெள்ளி மாலையிலிருந்து சனி இருளும்வரை உங்கள் ஓய்வுநாள் என்பதால் நீங்கள் வாத்தியத்தைத் தொடமாட்டீர்கள், வானையும் எடுக்கமாட்டீர்கள். ஐந்து மணி என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறதே என்று நான் கவலைப்பட்டேன். செயலாளர் சிரித்தார். "பயப்பிடாதேங்கோ அண்ணை. ஐஞ்செண்டு போட்டால் ஏழுக்குத்தான் சனம் வரும்." நீங்கள் இதைக் கேட்டு, ஓய்வுநாளை இவ்வளவு ஒழுங்காக மதிக்கும் மக்களை இப்போதுதான் காண்கிறேன் என்றீர்கள்.

நீங்கள் மேடையில் ஏறியபின் செயலாளர் என்னை ஒதுக்குப்புறமாக அழைத்தார். கடைசிப் பாட்டுக்கு முன் நீங்கள் செய்வது அவருக்குத் தெரிந்திருந்தது.

"அவர் சொல்லுறதைச் சொல்லட்டும் அண்ணை. நீங்கள் அந்த ஒரு வரியை மட்டும் தமிழில விட்டிடுங்கோ. ஆருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்."

"உங்கட வேலை மொழிபெயர்க்கிறதுதானே? அதை மட்டும் செய்யுங்கோ."

"அதைத்தான் செய்யப்போறன்" என்றேன்.

அவர் சங்கத் தலைவரிடம் நடந்துபோனதை நான் கவனித்திருக்கவேண்டும். நீங்கள் ஆறு பாட்டுப் பாடினீர்கள். சனம் கைதட்டிக் களைத்தது. பிறகு ஒலிவாங்கியை நெருங்கி ஆங்கிலத்தில் தொடங்கினீர்கள். "முதலில், உங்கள் பெயரால் யாழ்ப்பாணத்திலிருந்து துரத்தப்பட்ட முஸ்லிம் மக்களுக்காக..."

தொண்ணூறில் எங்கள் போராளிகள் அவர்களை ஊரைவிட்டு வெளியேற்றியது எங்கள் மண்டபங்களில் எவரும் பேசாத கதை. நீங்கள் அதைத் தொட்ட இடத்தில்தான் தலைவர் பொன்னாடையோடு ஏறிவந்தார். முகம் நிறையச் சிரிப்பு. உங்கள் தோளில் அதைப் போர்த்தி, கையைப் பற்றிக் குலுக்கி, படமெடுக்கும் பக்கமாக உங்களைத் திருப்பினார். எங்கள் மேடைகளில் பொன்னாடை போர்த்தினால் பேச்சு முடிந்தது என்று பொருள். அதை அறியாத நீங்கள் குனிந்து நன்றி சொன்னீர்கள். கைதட்டல் ஓய்வதற்குள் அறிவிப்பாளர் அடுத்ததாகச் சிறுவர் நடனம் என்றார். நான் ஒலிவாங்கியை அடைந்தபோது அது அணைக்கப்பட்டிருந்தது. ஒருவர் என் முழங்கையைப் பிடித்தார், மரியாதையாகத்தான். "இறங்குங்கோ அண்ணை, பிள்ளையள் நிக்கினம்." உண்மையில் நின்றார்கள், சலங்கையோடு.

ஒருவரை எங்கள் தமிழரைவிடப் பண்பாகப் பேசாமல் செய்ய எவராலும் இயலாது. அடித்திருந்தால் செய்தியாகியிருக்கும். போர்த்தினார்கள், படமாகியது.

திரும்பும் வழியில், "எனக்கு என்ன விருது கிடைத்தது?" என்று கேட்டீர்கள். நான் விளக்கினேன். வானை ஓரமாக நிறுத்திவிட்டுச் சிரித்தீர்கள். "எங்கள் ஆட்கள் தொலைபேசியால் நிறுத்துகிறார்கள், உங்கள் ஆட்கள் பட்டுத் துணியால் நிறுத்துகிறார்கள், உங்கள் நாகரிகம் மேலானது" என்றீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தலைவரைப் பற்றியும் செயலாளரைப் பற்றியும் எனக்குத் தெரிந்த இரண்டு மொழிகளிலும் கத்தினேன். நான் ஓயும்வரை பொறுத்திருந்து சொன்னீர்கள்: "கோபப்படுங்கள். வேகப்படாதீர்கள்." ஆத்திரத்தில் வாசிப்பவன் தாளத்தை விரட்டுவான், பாட்டு முடிந்துவிடும், எவருக்கும் எதுவும் கேட்டிருக்காது என்று விளக்கமும் சொன்னீர்கள்.

உங்களை அடக்கம்செய்த இடத்தில் உங்கள் தங்கை என் கையில் மண்வாரியைத் தந்தார். அவர்கள் வழக்கப்படி முதல் மண்ணை வாரியின் பின்புறத்தால் அள்ளவேண்டும் என்றார், அவசரமில்லை என்று காட்டுவதற்காக. பின்புறத்தில் மண் நிற்பதில்லை. ஒரு பிடி மண்ணைப் போட்டு முடிக்க நெடுநேரம் சென்றது. சங்கத்திலிருந்து அங்கே ஒருவரும் வரவில்லை. அச்சகத்துக்குப் போயிருப்பார்கள்.

அந்த ஆத்திரம் குறையவில்லை. குறைத்துக்கொள்ளும் எண்ணமும் எனக்கில்லை. அது குளிர்ந்து, ஒரே தாளத்தில் என்னோடு இருக்கிறது. மனைவி சொன்னதையும் நான் மறக்கவில்லை. திங்கட்கிழமையிலிருந்து கடையில் எங்களுக்கு யார் முகம் கொடுப்பார், யார் திருப்பிக்கொள்வார் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் அவள் வரத்தான் போகிறாள். முன்வரிசையில் இருப்பேன் என்று இன்று காலை தேநீரை வைத்துவிட்டுச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் புகழிலிருந்து தொடங்கமாட்டேன். நீங்கள் தொடங்கிய இடத்திலிருந்து தொடங்கி, எழுந்து நிற்போம் என்பதுவரை நிதானமாகச் சொல்லி முடிப்பேன். கூட்டாமல், குறைக்காமல். ஒரு சொல்லை மட்டும் மாற்றவேண்டியிருக்கிறது. நீங்கள் 'உங்கள் பெயரால்' என்றீர்கள். நான் 'எங்கள் பெயரால்' என்று சொல்லவேண்டும்.