சின்ட்ரேயின் மெழுகுவத்தி

அன்புள்ள உனக்கு,

நம் மகன் சின்ட்ரேயின் பெயரை இறந்தவர்கள் பட்டியலில் சேர்த்துவிட்டதாக எழுதியிருந்தாய். எந்தத் தேவாலயம் என்று எழுதவில்லை. அதை நீக்கச் சொல்லத்தான் இன்று பெர்கன் நகரின் பழைய தேவாலயங்களில் ஏறி இறங்கினேன். கடலில் கிடைத்தது படகு மட்டும்தானே.

மரியா தேவாலயத்தில் அவன் பெயர் இல்லை. பேராலய வாசலில் நம் பழைய பக்கத்து வீட்டுக்காரர் நின்றிருந்தார். "அட, நீங்களா! கடவுளே மயங்கி விழுந்துடப் போறார்" என்று சிரித்தார்.

உள்ளே போய் நான் போதகரிடம் பேசுவதற்குள் இறந்தவர்களின் பெயர்களை வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். சகல பரிசுத்தவான்களின் ஞாயிறு அல்லவா. ஒவ்வொரு பெயருக்கும் அந்த வீட்டார் எழுந்துபோய் மெழுகுவத்தி ஏற்றினார்கள். சின்ட்ரேயின் பெயர் வந்தது. நான் எழவில்லை. போதகர் காத்திருந்தார்.

பக்கத்திலிருந்த முதியவள் கைத்தடியை எடுத்தாள். "பாவம், இந்தப் புள்ளைக்கு யாருமே இல்ல போல. நான் போய் ஏத்திட்டு வரட்டுமாம்மா?"

"நீங்க உக்காருங்க. அவனுக்கு ஆள் இருக்கு" என்றேன்.

போய் ஏற்றினேன். திரி உடனே பற்றவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட.

திரும்பும்போது வரிசை வரிசையாக உன்னைத் தேடினேன். பட்டியலுக்குப் பெயரைக் கொடுத்தவன் நீ. ஏன் வரவில்லை? அவன் போய்விட்டதை உன்னாலும் நம்ப முடியவில்லை என்றால், அதைச் சொல்லவாவது வீட்டுக்கு வா.

அவனுடைய அம்மா