போகலாம் என்று காட்டிய கை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். நீ நலமா என்று கேட்டால் நலம் என்றுதான் எழுதப் போகிறாய், அதனால் கேட்கவில்லை. உன் போன கடிதத்தைப் பிரித்ததும் யாரோ குழந்தை எழுதியது என்று நினைத்தேன். எழுத்தெல்லாம் கோணல்மாணல். இரண்டாம் முறை படிக்கும்போதுதான் புரிந்தது, இடது கையால் எழுதியிருக்கிறாய். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

உருளைக்கிழங்கு தோண்ட ஆரம்பித்துவிட்டோம். டிராக்டரை நான்தான் ஓட்டுகிறேன். உன் அத்தான் ஓட்டும் அழகு உனக்கும் தெரியும், நம் வேலிக் கம்பங்களுக்கும் தெரியும். டிரெய்லருக்குப் பின்னால் பெரிய சிவப்பு முக்கோணம் மாட்டியிருக்கிறேன், மேலே ஒரு சுழல் விளக்கு. பாரம் ஏற்றினால் வண்டி ஊர்ந்துதான் போகிறது. பின்னால் கார்கள் சேர்ந்துவிடுகின்றன. ஹாரன் அடிப்பவர்களையாவது பொறுத்துக்கொள்ளலாம். சிலர் அடிப்பதில்லை, முந்தச் சொல்லி நான் கை காட்டுவேன் என்று பேசாமல் வருகிறார்கள். அவர்களைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஓரம் கட்ட இடம் வரும்வரை திரும்பாமல் போகிறேன்.

அன்றைக்கு நீ இதே டிராக்டரின் உயரமான சீட்டிலிருந்து பார்த்தாய், சாலை காலியாகத்தான் தெரிந்தது. மேட்டுக்கு அந்தப் பக்கம் பள்ளத்தில் லாரி வருவது உனக்கு எப்படித் தெரியும்? வருஷக்கணக்காக எல்லாருக்கும் காட்டிய கைதானே. மருந்துக்கடைக்காரருக்கும் காட்டினாய், அவரும் நம்பி முந்தினார், லாரியில் மோதிப் போய்விட்டார். இதை எத்தனை தடவை சொன்னாலும் நீ காதில் போட்டுக்கொள்ளாமல் ஊரைவிட்டே போய்விட்டாய். எனக்கு மட்டும் என்ன, அந்த மேடு வந்தால் வண்டியை இன்னும் மெதுவாக்கிக் காது கொடுக்கிறேன். எதிரே ஒன்றும் வராதபோதும் பள்ளத்திலிருந்து ஓர் இன்ஜின் சத்தம் கேட்கிறது.

இப்போது எழுதுவதற்குக் காரணம் வேறு. கடையை அவர் மனைவிதான் நடத்துகிறார், வெள்ளை வேனில் மருந்து கொண்டுபோகிறார். சில நாளாக என் கண்ணாடியில் அந்த வேன்தான். நான் ஓரம் கட்டினால் அவரும் நிறுத்துகிறார். எதிரே ஈ காக்கை இல்லை, ஆனாலும் முந்துவதில்லை. திட்டவாவது செய்யட்டும் என்று நேற்று இறங்கிப் போய்க் கேட்டேன்.

"எங்க வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் வேற யார் கை காட்டினாலும் போகமாட்டாரு. உங்க தம்பி காட்டினா மட்டும்தான் போவாரு" என்றார். சாபம் விடத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அப்படி இல்லை. அந்த மேட்டில் யாரையும் முந்த முடியவில்லை, கால் மிதிக்க மாட்டேன் என்கிறது என்றார். நீ எப்போது வருவாய் என்று கேட்டார். "தம்பி வந்து காட்டட்டும், நானும் போயிடறேன்" என்றார். குரலில் கோபமே இல்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அதற்குள் நானே காட்டிப் பார்க்கலாம் என்று ஏறி உட்கார்ந்தேன். கை எழவில்லை. கிடங்குவரை நான் முன்னால், அவர் பின்னால், ஊர்ந்தே போனோம். இன்றைக்கும் அப்படித்தான்.

வா என்று உன்னைக் கட்டாயப்படுத்தவில்லை. பொய் சொல்கிறேன், கட்டாயப்படுத்துகிறேன். பஸ் நிற்குமிடத்தில் டிராக்டரோடு காத்திருப்பேன். நீ ஓட்டு. மேடு வந்ததும் நான் இறங்கி உச்சிவரை நடந்து போய், பள்ளம் முழுக்கக் கண்ணால் பார்த்துச் சொல்கிறேன். அதற்கப்புறம் நீ கை காட்டினால் போதும். அந்த அம்மா போகட்டும்.

எங்கே இருந்தாலும் நன்றாக இரு, சாமி. பதில் இரண்டு வரி போதும். வலது கையால் எழுது.

உன் அக்கா