எனக்குத்தான் குளிராதே

பிப்ரவரி 6

வீட்டில் மறுபடியும் மின்விசிறிச் சண்டை. நான் போட, வீட்டுக்காரர் அணைக்க, நான் போட. மனிதர் ஸ்வெட்டருக்குள் கழுத்தை இழுத்துக்கொண்டு, "உனக்கென்ன எருமைத் தோலா?" என்கிறார். ஐஸ்கிரீம் கிடங்கின் குளிர் அறையில் முப்பது வருடமாகக் குப்பை கொட்டுகிறவளுக்கு இந்தக் காற்றெல்லாம் ஜுஜுபி. அறுபத்திரண்டு வயதாகியும் குளிர் என்னிடம் வாலாட்டியதில்லை.

பிப்ரவரி 9

கூட வேலை பார்க்கும் ஒல்லி, நாற்பது வயது ஆள், இன்றும் பல் தந்தியடிக்க வெளியே ஓடினான். நடுங்கினால் வெளியே வந்துவிட வேண்டும், அதுதான் அறையின் சட்டம். எனக்கு நடுங்கவில்லை, இருந்தேன்.

பிப்ரவரி 10

மானம் போயிற்று. பெட்டி அடுக்கும்போது விரல் மடங்கவில்லை, நாக்கு குழறியது. "என்னக்கா, காலையிலேயே ஊத்திட்டு வந்துட்டீங்களா?" என்று ஒல்லி சிரித்தான். என் கன்னத்தைத் தொட்டதும் சிரிப்பு நின்றது. வெளியே இழுத்து வந்து கம்பளியைச் சுற்றினான். அப்போதும் எனக்குக் குளிரவில்லையே — எப்படி?

பிப்ரவரி 11

டாக்டரம்மா சொன்னார்: "வயசானா உடம்பு குளிரை லேட்டாத்தாம்மா சொல்லும். நடுக்கமும் குறைஞ்சிடும். உங்க வீட்டுக்காரருக்குக் குளிருது, நல்லது. உங்களுக்குக் குளிராததுதான் கவலை."

கூட வந்த வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கல்யாணமானதிலிருந்து இதுதான் அவருடைய முதல் வெற்றி. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

பிப்ரவரி 12

மேலாளர் என்னை வெளியே ஃபோன் மேசைக்கு மாற்றப் போகிறாராம். நானா? நாளெல்லாம் 'சொல்லுங்க சார், சொல்லுங்க சார்' என்றா? மாட்டேன். செத்தாலும் மாட்டேன். எனக்கு என் பெட்டிகள் வேணும், அந்த வெள்ளைப் புகை வேணும். சோறு இறங்கவில்லை.

பிப்ரவரி 13

வழி கிடைத்துவிட்டது! என் உடம்பு சொல்லாவிட்டால் என்ன, ஒல்லியின் பல் சொல்கிறதே. இனி தனியாக உள்ளே போவதில்லை. அவனுக்கு நடுங்கினால் நானும் வெளியே. மேலாளர் தாடையைச் சொறிந்துகொண்டு, "ஒரு மாசம் பார்ப்போம்" என்றார்.

"என் பல்லுக்குத் தனிச் சம்பளம் உண்டா சார்?" — ஒல்லி.

மார்ச் 14

மாதம் முடிந்தது. மேலாளர் புதுக் கையுறை கொடுத்தார். ஃபோன் பேச்சையே எடுக்கவில்லை.

சாயங்காலம் வழக்கம்போல மின்விசிறியைப் போட்டு உட்கார்ந்தேன். வீட்டுக்காரர் போர்வையை இழுத்துக்கொண்டார். அவர் பல் லேசாகத் தந்தியடித்தது. எழுந்து போய் மின்விசிறியை அணைத்தேன்.

"என்ன, உனக்கே குளிருதா?"

"இல்ல. உங்களுக்குக் குளிருதுல்ல."

போர்வையில் பாதியைப் பிடுங்கி உள்ளே புகுந்தேன். என் கை பட்டதும், "யம்மா, ஐஸ்கட்டி!" என்று துள்ளினார். ஆனால் கையை விடவில்லை.